தறியோரத்துப் பானை

சாயங்கால செபமாலை முடிந்ததும் மாதா கோயில் படியில் உட்கார்ந்து நாம் நாலைந்து கிழங்கள் என்னதான் பேசுகிறோம் என்று இளசுகளுக்குச் சந்தேகம். வேறென்ன, முழங்கால் வலி, மருமகள், அப்புறம் மோட்சம். போன வாரம் உங்களில் ஒருத்தி, "மோட்சம் சுலபந்தான்டீ. கடைசி மூச்சுல ஏசுவேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றாள். இன்னொருத்தி, "அந்த நேரம் பாத்து இருமல் வந்துட்டா இன்னா பண்ணுவ?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் அவளே என் பக்கம் திரும்பி, "நீ ஏன்டீ பரலோக மந்திரத்துல ஒரு எடம் வந்தா வாயை மூடிக்கினு நிக்கற? நானும் வருஷக்கணக்கா பாக்கறேன்" என்று கேட்டுவிட்டாள். பல் போனதால் அந்த வரி வழுக்குகிறது என்று சொல்லித் தப்பித்தேன். அது பொய். நிஜத்தை வாயால் சொன்னால் பாதியில் நின்றுபோவேன். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்காதீர்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நம் தெருவில் அன்றைக்குக் கிறிஸ்துவ வேதக்காரர் வீடு பதினைந்து இருந்தால் அதிகம். எல்லாம் தறிக்காரர்கள். சுற்றிலும் கோபுரம். இந்த ஊரில் மோட்சத்துக்குப் பஞ்சமே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நைனா நெய்த சேலையைக் கொடுக்க அக்காவோடு சின்ன காஞ்சிபுரத்தில் முதலாளி வீட்டுக்குப் போவேன். அங்கே என் வயதில் ஒரு பெண், நெற்றியில் சிவப்பாக ஒற்றைக் கோடு. அவள் ஒருநாள் சொன்னாள், "இந்த ஊர்ல செத்தாலே மோட்சமாம், எங்க தாத்தா சொன்னாரு. உங்களுக்கு எப்படி?" நான் விடுவேனா? "எங்களுக்குக் கை நெறையத் தண்ணி போதும்" என்றேன். அவள், "அது இன்னும் சுலபமா இருக்குதே" என்று ஒப்புக்கொண்டாள். வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன்.

கை நிறையத் தண்ணீர் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் உபதேசியார். வாரத்தில் ஆறு நாள் அவரும் தறிக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் தாழ்வாரத்தில் எங்களை வரிசையாக உட்கார வைத்து ஞானோபதேசம் நடத்துவார். ஒல்லியான மனிதர், மூக்குப்பொடி வாசனை, சட்டைப்பையில் எப்போதும் ஓரத்தில் சரிகை மாதிரி வெட்டிய சின்னச் சின்ன அர்ச்சியசிஷ்டவர், அதாவது புனிதர், படங்கள். அவரிடம் ஒரு துணிப் பொம்மை இருந்தது. அதுதான் சாகப்போகிற குழந்தை. நாங்கள் ஒவ்வொருவராய் எழுந்து அதன் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும்.

"சாமியார் ஊர்ல இல்ல, குழந்தை சாவுது. இன்னா பண்ணுவீங்க? அழுதுக்கினு நிப்பீங்களா? யாரு வேணா கழுவலாம். ஆம்பள, பொம்பள, சின்னப் பொண்ணு, யாரா இருந்தா இன்னா. மூணே மூணுதான் வேணும். தண்ணி, வார்த்தை, மனசு. அவ்ளோதான் மோட்சம்! பால் ஆகாது. மோர் ஆகாது. எச்சில் ஆகாது. கள்ளு ஆகவே ஆகாது. குளத்துத் தண்ணி, கிணத்துத் தண்ணி, மழைத் தண்ணி, எது வேணா ஆகும்" என்பார்.

கஞ்சியை அவர் சொல்லவில்லை. நெசவுத் தெருவில் அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பொம்மையைக் கழுவுவதில் நான்தான் முதல். நெற்றியில் ஓட ஓட ஊற்ற வேண்டும், ஊற்றும்போதே 'பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து' சொல்லிக் கழுவுகிறேன் என்று சொல்ல வேண்டும், முன்னேயும் கூடாது பின்னேயும் கூடாது. மற்றவர்கள் வார்த்தை முடிவதற்குள் தண்ணீரைத் தீர்த்துவிடுவார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாக முடியும். உபதேசியார் என் தலையில் கை வைத்து, "இவ ஒருத்தி போதும்பா இந்தத் தெருவுக்கு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

சாமியார் வேறு மாதிரி. வெள்ளைக்காரர், தாடி இடுப்பு வரை. தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டவர். அவருடைய பிரசங்கத்தில் மோட்சம் எப்போதும் கஷ்டம். வாசல் குறுகல், போகிறவர்கள் கொஞ்சம் பேர், அந்தக் கொஞ்சம் பேரில் தறிக்காரர்கள் அதிலும் கொஞ்சம் பேர். ஞாயிற்றுக்கிழமை தறி தொடுவது சாவான பாவம் என்று அவருக்கு உறுதி. பூசை முடிந்து வாசலில் நின்றுகொண்டு ஆண்களின் விரலைப் பிடித்துப் பார்ப்பார், ஈரச் சாயம் ஒட்டியிருக்கிறதா என்று. அந்த வருஷம் ஆடி மாதம் நைனா மாட்டிக்கொண்டார். தண்டனை என்ன தெரியுமா? நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாவைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அடுத்த ஞாயிறு பூசை முழுக்கக் கோயில் வாசற்படியில் முழந்தாளிட வேண்டும். நைனா முழந்தாளில் நின்றார். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். உருமால் கடைக்காரர், தெருக்கோடி வண்டிக்காரர்கள் வரை பார்த்தார்கள். எழுந்தபோது சாமியார் சொன்னார், "இன்னொரு தரம் நடந்தால் உன் மகள் கலியாண ஓலையை வாசிக்கமாட்டேன்."

அக்காவுக்குத் தென்னேரிப் பக்கத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகி இருந்தது. நம் முறை உங்களுக்குத் தெரியும்: மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தால்தான் கலியாணம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கலியாணம் வைக்கக் கூடாது. ஆகவே கார்த்திகை பிறந்த கையோடு முடித்தாக வேண்டும். இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவது பாக்கி.

அந்த ஐப்பசியில் மழை விடவில்லை. தெருவில் பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி தெளித்துக் காயவைக்க ஒருநாள் வெயில் வேண்டுமே, அது கிடைக்கவில்லை. வீடெல்லாம் நமுத்த பட்டு வாடை. முதலாளி வீட்டிலிருந்து ஆள் மேல் ஆள் வந்தது, புதன்கிழமை முகூர்த்தம், சேலை எங்கே, சேலை எங்கே என்று. சனிக்கிழமை இரவு வரை தறி அடித்தது. ஞாயிறு காலை நின்றது. நாங்கள் எல்லாரும் பூசைக்குப் போனோம். அம்மா மட்டும் வரவில்லை, அவளுக்கு ஏழு முடிந்து எட்டாம் மாதம். பூசை முடிந்து வந்ததும் நைனா தலைவலி என்று தறி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தறிச் சத்தம் கேட்கவில்லை. சத்தம் கேட்காத வேலைகளும் தறிக்காரனுக்கு உண்டு என்று நினைக்கிற வயது எனக்கு இல்லை.

மத்தியானம் அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. அக்கா ஓடிப்போய் மருத்துவச்சியைக் கூட்டிவந்தாள். மருத்துவச்சி பிள்ளையார்பாளையத்துக்காரி, காதில் பெரிய தோடு, அதட்டலான பேச்சு. ஒரு மணி நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டது. ஆண். அழவில்லை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டினாள், ஊதினாள். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். "இது நிக்காதும்மா. உங்க சாமியாருக்கு ஆள் அனுப்புங்க" என்றாள். அக்கா மழையில் கோயிலுக்கு ஓடினாள். சாமியார் வாலாஜாபாத் போயிருந்தார் என்பது அவளுக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. நைனா தறி அறையிலிருந்து வெளியே வந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே உபதேசியாரைத் தேடி ஓடினார். அந்த ஈரக்கை என் கண்ணில் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

வீட்டில் நான், மயங்கிக் கிடந்த அம்மா, மருத்துவச்சி, அவன். அவனுடைய மார்பு எழுந்து எழுந்து தணிந்தது. ஒவ்வொரு தடவையும் அடுத்தது வருமா என்று இருந்தது. மருத்துவச்சி என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஏதோ தண்ணி ஊத்தணும்பாங்களே, ஊத்தறதுன்னா இப்பவே ஊத்து" என்றாள். குடத்தைக் கவிழ்த்தேன், காலி. இருந்த தண்ணீரையெல்லாம் வெந்நீருக்கு ஊற்றிவிட்டிருந்தாள், அது அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கிணற்றில் இழுக்கவோ மழையில் ஏந்தவோ நேரம் இல்லை. தறி அறைக்கு ஓடினேன். தறிக் குழியின் ஓரத்தில் எப்போதும் இருக்கிற மண்பானை, அதில் கொட்டாங்கச்சி. அள்ளினேன், ஓடிவந்தேன், பொம்மைக்குச் செய்த மாதிரியே நெற்றியில் ஓட ஓட ஊற்றி வார்த்தையைச் சொன்னேன். இரண்டும் ஒன்றாக முடிந்தன.

தண்ணீர் சில்லென்று இருந்தது. அவன் முகம் சுளித்தான். நெற்றியிலிருந்து காதோரமாக வழிந்து மருத்துவச்சியின் புடவையில் சொட்டியது. நான் குனிந்து அவன் ஈரத் தலையில் முத்தமிட்டேன். இன்னும் ஏழெட்டு மூச்சு விட்டான்.

உபதேசியார் வந்து சேர்ந்தபோது அவன் போய்விட்டிருந்தான். நான், "கழுவிட்டேன்" என்றேன். அவர் நனைந்த மேனியோடு அப்படியே மண்டியிட்டு, "மோட்சத்துக்கு ஒரு சம்மனசை, ஒரு தேவதூதனை அனுப்பிட்ட கண்ணு" என்று அழுதார். சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் கையில் வைத்தார். குழந்தை ஏசு ஆட்டுக்குட்டியை அணைத்துக்கொண்டிருக்கிற படம், ஓரம் நனைந்து சுருண்டிருந்தது. தெருப் பெண்கள் ஒவ்வொருவராய் வந்து என் கன்னத்தைத் தடவினார்கள். மயக்கம் தெளிந்த அம்மா குழந்தையை வாங்கி மார்பில் வைத்துக்கொண்டு, அதன் தலையை மோந்து மோந்து பார்த்தாள். பிறகு என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் எழுபத்துச் சொச்ச வருஷத்தில் அதற்கு மேல் ஓர் உயரத்தில் நான் நின்றதில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் உபதேசியார் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். சாமியாரிடம் சொல்ல விவரம் வேண்டுமாம். எப்படி ஊற்றினாய், என்ன சொன்னாய், எந்தத் தண்ணீர்? மூன்றாவதற்கு, "தறியண்ட இருந்த பானையில" என்றேன். மூக்குப்பொடி எடுக்கப் போன கை நின்றுவிட்டது.

"வேற யாராண்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. கேட்டா தண்ணின்னு மட்டும் சொல்லு. நான் பாத்துக்கறேன். உன்னை மாட்டி வுட மாட்டேன்."

எதற்காக மாட்டிவிட வேண்டும் என்றே எனக்குப் புரியவில்லை. படுத்த பிறகுதான் புரிந்தது. தறியோரத்துப் பானை என்றால் கஞ்சிப் பானை. பாவு நூல் பிசிறாமல் நீவுவதற்குச் சோற்றுக் கஞ்சி அதில் இருக்கும். நம் தெருவில் பால் குடிக்கிற குழந்தைக்கும் அது தெரியும். அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை. இருட்டில் என் விரலை மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. கழுவியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். உபதேசியார் பார்த்துக்கொள்வார் என்று தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை தூறலில் கல்லறைக்குப் போனோம். நூல் வைக்கிற கூடையில் வெள்ளைத் துணி விரித்து அவனைக் கிடத்தி நைனா தூக்கி வந்தார். தென்னேரியிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனாரும் வந்திருந்தார், சம்பந்தி முறைக்கு. கல்லறை வாசலில், வாலாஜாபாத்திலிருந்து ராத்திரியே திரும்பிவிட்ட சாமியார் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஞானஸ்நானம் செல்லாத பிள்ளைக்கு உள்ளே இடம் கிடையாது என்று எங்களை விடவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"மகளே, எந்தத் தண்ணீரை ஊற்றினாய்?"

நான் உபதேசியாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலேயே தெரிந்துவிட்டது, சொல்லிவிட்டார் என்று. இரவோடு இரவாகப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்து நிற்கிறார். தன் ஆத்துமத்துக்குப் பயந்திருப்பார். குருவிடம் மறைத்தால் தன் மோட்சம் போய்விடும் என்று பயம். கிழவியான பிறகு எனக்கு அது புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

"தறியண்ட பானையில இருந்த தண்ணி, சாமி."

"நெசவு வூட்டுல தறியண்ட இருக்கறது கஞ்சிப் பானை, சாமி" என்றார் உபதேசியார், யாரையும் பார்க்காமல்.

சாமியார் நைனாவின் பக்கம் திரும்பினார். "பானையில் இருந்தது தண்ணீரா, கஞ்சியா? நீ சொல். தண்ணீர் என்று நீ சொன்னால் எனக்குப் போதும்." அந்தக் குரல் கெஞ்சியது. கஷ்டம் கஷ்டம் என்று பிரசங்கம் செய்த மனிதர் அன்றைக்கு ஒரு சுலபத்தைத் தேடிக்கொண்டு நின்றார்.

நைனா வாயைத் திறந்தார். அதற்குள் உபதேசியார் குறுக்கே வந்தார். "நேத்து ஞாயித்துக்கிழமை. தறியண்ட நல்ல தண்ணிக்கு இன்னா வேலை?"

நைனா கூடையைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். முக்காட்டுக்குள் அழுதுகொண்டிருந்த அக்காவைப் பார்த்தார்.

"கஞ்சிதான், சாமி. சனிக்கெழமை காய்ச்சினது. கெட்டியா இருந்தது."

சாமியார் புத்தகத்தை மூடிவிட்டார். சுவருக்கு வெளியே, சப்பாத்திக்கள்ளி வேலி ஓரத்தில், மந்திரிக்காத மண்ணில் ஒரு முழம் தோண்டினார்கள். செபம் இல்லை, தீர்த்தம் இல்லை. மண் தள்ளுவதற்கு முன்னே நான் என் படத்தை அவன் துணிக்குள் செருகினேன். யாரும் தடுக்கவில்லை. திரும்பி வரும்போது தெருமுனையில் மருத்துவச்சி நின்றுகொண்டிருந்தாள். "அழாத புள்ள. இந்த ஊர் மண்ணுல போட்டாலே மோட்சந்தான். சுவத்துக்கு உள்ள இன்னா, வெளிய இன்னா" என்றாள். அஞ்ஞானி, இவளுக்கு என்ன தெரியும் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றைக்கு எனக்காக ஒரு நல்ல வார்த்தை சொன்னவள் அவள் ஒருத்திதான்.

அம்மாவிடம் நைனாதான் சொன்னார். அவள் அழுது ஓய்ந்த பிறகு மெல்லக் கேட்டாள், "தலையை மோந்து பாத்தனே. கஞ்சி வாடையே வரலியே."

"பிரசவத்துல மயங்கிக் கெடந்தவளுக்கு வாடை வேறயா? வாயை மூடிக்கினு படு" என்று நைனா கத்தினார். அதற்கு முன் அவர் அம்மாவிடம் கத்தி நான் கேட்டதில்லை.

அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் என் கையால் தண்ணீர் வாங்குவதை நிறுத்திவிட்டாள். நான் கிணற்றிலிருந்து கொண்டு வந்த குடத்தைப் பார்ப்பாள், கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றிவிட்டுத் தானே போய் இழுத்து வருவாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சோறு போட்டாள், தலை வாரினாள், காய்ச்சலில் ராத்திரி முழுக்க விழித்திருந்தாள். தண்ணீர் மட்டும் வாங்கமாட்டாள்.

அந்த வாரத்திலேயே கல்லறைத் திருநாள் வந்தது. எல்லார் கல்லறையிலும் மெழுகுவத்தி. அம்மா சுவருக்கு உட்பக்கம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வத்தியைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டு கள்ளி வேலிக்குப் போனேன். உபதேசியார் பின்னாலேயே வந்து கையைப் பிடித்தார். "அங்க ஏத்தக் கூடாதும்மா. கழுவாத குழந்தைங்க போற எடம் அழற எடமும் இல்ல, சிரிக்கற எடமும் இல்ல. ஆண்டவர் மொகம் மட்டும் தெரியாது, அவ்ளோதான்." அவ்வளவுதானாம்! வத்தியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிற்றிலிருந்து வகுப்பில் பாலுக்கும் மோருக்கும் நடுவில் கஞ்சியும் சேர்ந்துகொண்டது. பொம்மையைக் கழுவ என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். நானும் வார்த்தைகளை மறக்கப் பார்த்தேன், முடியவில்லை.

மூன்றாவது ஓலை வாசித்தார்கள். அக்கா கலியாணம் நல்லபடியாக நடந்தது. நைனா வாசலில் நின்று எல்லாருக்கும் சந்தனம் கொடுத்தார். முதலாளி வீட்டுச் சேலையும் நாள் தவறாமல் போய்விட்டதாம். எப்படி முடிந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பதினோரு வருஷம் கழித்து அம்மா செத்துப்போனாள். கடைசி நாள் நாக்கு வறண்டு போய் உதடு அசைந்தது. நான் கிண்ணத்தோடு ஓடினேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். தென்னேரியிலிருந்து அக்கா வந்து சேர்கிற வரை ஒரு சொட்டு வாங்கவில்லை.

நைனா அதற்குப் பிறகும் நிறைய வருஷம் இருந்தார். நான்தான் பார்த்துக்கொண்டேன். எனக்கும் கலியாணம் ஆகிப் பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்கெல்லாம் பிறந்த அன்றே ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லிச் சாமியாரை நான் பாடாய்ப் படுத்தியது உங்களுக்குத் தெரியும், கேலி செய்திருக்கிறீர்கள். நைனாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் சாமியாரை வரவழைத்தேன், இது வேறு சாமியார், நம்மூர்க்காரர். கதவைச் சாத்திக்கொண்டு பாவசங்கீர்த்தனம் கேட்டார். உலை கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை, வெளியே வந்துவிட்டார். சாகிறவருக்கு எண்ணெய் தடவுகிற அவஸ்தைப் பூசுதல் முடிந்து, நைனாவின் முகம் கழுவிவிட்ட மாதிரி தெளிந்திருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"சாமியாண்ட சொல்லிட்டேன். மன்னிப்பு குடுத்துட்டாரு. உன்னாண்டயும் சொல்லணும்னாரு."

"இன்னா நைனா?"

"அன்னிக்கு அந்தப் பானையில நல்ல தண்ணிதாம்மா. கஞ்சியைக் கொட்டி, கழுவி, கெணத்துத் தண்ணி புடிச்சு வெச்சிருந்தேன். குறுக்கே ஓடற ஊடை நூலை நனைச்சு ஒக்காந்து சுத்திக்கினு இருந்தேன். தறி அடிச்சா சத்தம் கேக்கும்னு..." மூச்சு வாங்கியது. "அந்த உபதேசியாரு அப்படிக் கேட்டதும் பயத்துல வாயில வந்துட்டுது. வந்ததைத் திருப்பி எடுக்க முடியல. அக்கா கலியாணம் நின்னுடும்னு பாத்தேன்."

என் விரலில் வாடை இல்லை. அவன் தலையில் வாடை இல்லை. அம்மா சொன்னாள், வாடை வரவில்லை என்று. தண்ணீர் ஓட ஓட இறங்கியது என் கண் முன்னாலேயே நடந்தது. கெட்டிக் கஞ்சி அப்படி ஓடுமா? என் கை அறிந்ததை விட்டுவிட்டு நைனாவின் வாயை நம்பினேன். ஒன்பது வயதுப் பெண் வேறு யாரை நம்புவாள்?

"அம்மாவாண்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"எத்தினியோ தரம் வாய் வரைக்கும் வந்துது" என்றார். அழுதார். அழுகைகூட அவருக்கு அன்றைக்குச் சுலபமாக வந்தது. "சாமி அபராதமா மூணு மந்திரந்தான் சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டேன். நீயும் மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டன்னா நிம்மதியா போவேன்."

மூன்று மந்திரம். அம்மாவின் பதினோரு வருஷத்துக்கும், குடம் குடமாய்ச் செடிக்குப் போன தண்ணீருக்கும், கள்ளி வேலி ஓரத்தில் கிடக்கிறவனுக்கும் சேர்த்து மூன்று மந்திரம். அக்காவின் கலியாணம் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கலாம். தகப்பனாக அவர் பட்ட பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவர் ஒரு மகளைக் காப்பாற்ற இன்னொரு மகளைக் கொடுத்தார். என்னிடம் கேட்காமலே கொடுத்தார்.

"தண்ணி" என்றார். வெள்ளிக் கரண்டியில் எடுத்து வாயில் விட்டேன். தொண்டையில் இறங்கியது. இன்னொரு கரண்டி விட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தேன், வார்த்தை கொடுக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

அப்போது கல்லறையில் இடம் போதாமல் சுவரைத் தள்ளிக் கட்டியிருந்தார்கள். கள்ளி வேலியெல்லாம் உள்ளே வந்துவிட்டது. நைனாவை அந்தப் புதுப் பக்கத்தில்தான் வைத்தார்கள். தம்பி எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

இப்போது இருக்கிற இளம் சாமியாரிடம் ஒருநாள் பொதுவாகக் கேட்பது போல், ஞானஸ்நானம் இல்லாமல் போன குழந்தைகள் எங்கே இருக்கும் என்று கேட்டேன். சிரித்தார். "பாட்டி, அந்த மாதிரி ஒரு இடத்தைப் பத்தியெல்லாம் இப்ப நாங்க பேசறதே இல்ல. கடவுள் இரக்கமுள்ளவர், அவர் பாத்துக்குவார்" என்றார். பார்த்துக்கொள்வதாக எனக்கு முன்பும் ஒருவர் சொல்லியிருக்கிறார். இல்லாத இடத்தை நினைத்தா அம்மா சுவரோரம் நின்றாள்? கஷ்டம் என்றவர்களும் அவர்கள்தான், சுலபம் என்பவர்களும் அவர்கள்தான். நடுவில் யாரும் வந்து தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று சொல்லவில்லை.

அவன் மோட்சத்தில்தான் இருக்கிறான். கிணற்றுத் தண்ணீர், சரியான வார்த்தை, முழு மனசு. நைனாவும் போய்ச் சேர்ந்திருப்பார், வேதம் அப்படித்தான் சொல்கிறது. அம்மாவுக்கு அங்கே போனபிறகாவது யாரேனும் சொல்லியிருப்பார்கள். பாக்கி நான். பிறர் எங்களுக்குச் செய்ததை நாங்கள் மன்னிப்பது போல எங்களையும் மன்னியும் என்று பரலோக மந்திரத்தில் வருகிறதே, அந்த இடத்தில்தான் என் வாய் மூடிக்கொள்கிறது. சொன்னால் பொய், அவரை நான் மன்னிக்கவில்லை. சொல்லாவிட்டால் என் கணக்கில் மன்னிப்பு இல்லை. சாயங்காலம் தோறும் அந்த வரிக்கு முன்னால் போய் நிற்கிறேன். நீங்கள் எல்லாரும் சொல்லிக் கடந்து போய்விடுகிறீர்கள்.